கடை வாசலில் தாடைப் படம்

நாற்பத்தோரு வயதில் மாரிக்கனியின் வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. சொத்தை விழுந்து போனவை நாலைந்துதான். மற்றவை வெள்ளையாக, முழுசாக இருந்தபடியே ஆடத் தொடங்கி, ஈறை விட்டுக் கழன்று வந்தன. கடைசிப் பல் விழுந்த அன்று அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லாத பல். அது எதற்காக விழுந்தது என்று சொல்ல அருப்புக்கோட்டையில் ஆள் இல்லை.

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டை ஒட்டி அவள் கிளப்புக் கடை வைத்திருந்தாள். ஓலைக் கூரை, நாலு பெஞ்சு, பின்னால் இரண்டு அடுப்பு. புருஷன் நல்லகண்ணு கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் செத்தபோது மகள் செல்லக்கிளிக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு மறு வருடம் போட்ட கடை. உப்பு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும் லாரிகள் அவளுடைய கறிக் குழம்புக்காக நிற்கும். பாத்திரம் கழுவவும் மாவரைக்கவும் பெத்தம்மாள் என்று ஒருத்தி கூட இருந்தாள்.

பல் போன பிறகு கறி வெந்ததா என்று பார்க்க மாரிக்கனி பெத்தம்மாளின் வாயை நம்ப வேண்டியதாயிற்று. ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, "மென்னு பாத்துச் சொல்லுடி" என்பாள். அவள் சொல்வதைக் கேட்டு உலையை இறக்குவாள். சமைக்கிறவளுக்கு அது சின்ன அவமானம் இல்லை. தான் ஆக்கிய கறியைத் தான் தின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. கம்மங்கஞ்சியும் குழைந்த சோறும்தான் அவளுடைய ஆகாரம்.

அருப்புக்கோட்டையில் பல் செட்டு கட்டினாள். மேல் செட்டு அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழ்ச் செட்டு நிற்கவே இல்லை. பேசினால் எழும்பியது, மென்றால் நழுவியது. ஒரு நாள் சோணைமுத்து என்ற டிரைவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே எதற்கோ சிரித்தாள். கீழ்ச் செட்டு அவன் இலையில் விழுந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சோணைமுத்து சிரிக்கவில்லை. அதை எடுத்துத் தண்ணீரில் அலசி அவள் கையில் கொடுத்துவிட்டு, "வேற இலை போடுங்கக்கா" என்றான். அவன் மீண்டும் உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதை அவள் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு, தைப் பொங்கல் முடிந்த வாரம், தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது கால் இடறிக் கையை ஊன்றினாள். பெரிய விழுகை ஒன்றுமில்லை. மணிக்கட்டு முருங்கைக் கொப்பு மாதிரி ஒடிந்துவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வந்ததுதான் வந்தோம், பல்லையும் காட்டிவிடலாம் என்று பல் பிரிவில் போய் உட்கார்ந்தாள்.

அங்கே இருந்த டாக்டர் ராஜகுரு சின்ன வயசுக்காரர். வாயை விரலால் தடவிப் பார்த்தார். படம் எடுத்துவரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தவர், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"கை எப்ப ஒடிஞ்சது?"

"அஞ்சு நாள் ஆச்சு."

"உங்களுக்கு மாச விலக்கு எப்ப நின்னுச்சு?"

பல் டாக்டர் இதை ஏன் கேட்கிறார் என்று அவள் யோசித்தாள். ஆனாலும் சொன்னாள். "முப்பத்தொண்ணுல. வயித்துல கட்டின்னு ஆப்ரேசன் பண்ணுனாக. அதோட நின்னு போச்சு."

அவர் படத்தை அவள் பக்கம் திருப்பினார். "பல்லு போனா எல்லாருக்கும் தாடை கொஞ்சம் தேயும். இது எழுபது வயசுக்காரங்க தாடை மாதிரி இருக்கு. செட்டு உட்கார மேடு வேணும். உங்களுக்கு மேடு கரைஞ்சு கத்தி முனையா நிக்குது."

"விளிம்பு போன சட்டியில மூடி நிக்காதுல்ல, அது மாதிரியா?"

"அதே தான்," என்றார். பிறகு ஒரு சீட்டு எழுதி, பெண்கள் பகுதியில் இருந்த டாக்டர் கோகிலாம்பாளிடம் அனுப்பினார்.

டாக்டர் கோகிலாம்பாள் ஐம்பதைத் தாண்டியவர். பேச்சில் பூச்சு கிடையாது. "கருப்பையை விட்டுட்டு சூல்பை ரெண்டையும் எடுத்திருக்காங்க. பொம்பளைங்களுக்கு அதுல ஒரு சத்து ஊறும். ஹார்மோன்னு பேரு. எலும்பு கரையாமப் பாத்துக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. உங்களுக்கு அது பத்து வருசமா இல்ல. கையும் தாடையும் ஒரே காரணத்தால போனதுன்னு நினைக்கிறேன்."

"மருந்து இருக்கா?"

"அந்தச் சத்தையே மாத்திரையாத் தரலாம். மூணு வாரம் தினம் ஒண்ணு, ஒரு வாரம் சும்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கை, முதுகு எலும்புக்குத்தான் இதைக் குடுத்துப் பாத்திருக்காங்க. தாடைக்குப் பலன் தெரியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கரைஞ்சது திரும்பி வராது. இனிமே கரையறது நின்னா, ஒரு வருசம் கழிச்சுப் புதுசாச் செட்டு கட்டலாம்."

"கட்டுனா கறி திங்கலாமா?"

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "திங்கலாம். இன்னொண்ணு. சும்மா இருக்கிற வாரத்துல மறுபடியும் ரத்தம் படும். பயப்பட வேண்டாம். மத்த நாள்ல பட்டா மட்டும் உடனே புறப்பட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு உண்டான மாத்திரை கிடைத்தது. அடுத்ததை வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மாசி மாதம் அருப்புக்கோட்டை மருந்துக் கடை ஒன்றில் சீட்டை நீட்டினாள். கடைக்காரர் படித்துவிட்டு அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தார். மூன்று வாரம் தின்று ஒரு வாரம் விடும் மாத்திரை என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும். ஊர்ச் சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம்.

"வீட்டுக்காரர் எங்க?"

"செத்து எட்டு வருசமாச்சு."

"அப்ப இது உனக்கு எதுக்கு?"

"எலும்புக்கு."

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "இந்த மாதிரி யாவாரம் நம்ம கடையில கிடையாது" என்றார். மாரிக்கனி சீட்டை மடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் முகம் சுட்டது. கேட்டிருக்க வேண்டிய நாலு வார்த்தை அப்போதுதான் வாய்க்கு வந்தது.

மறுநாள் சோணைமுத்துவிடம் சீட்டைக் கொடுத்தாள். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தார்கள். அதுமுதல் மாதாமாதம் உப்பு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவன்தான் வாங்கி வந்தான்.

டாக்டரம்மா சொன்னபடியே சும்மா இருந்த வாரத்தில் ரத்தம் பட்டது. மாரிக்கனி பழஞ்சேலை ஒன்றைத் தேடிக் கிழித்தாள். பதினோரு வருடம் மறந்துபோன ஒன்று. துணியை அலசும்போது பெத்தம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"தூரம்."

"இந்த வயசுலயா? உங்களுக்குத்தான் எல்லாத்தையும் எடுத்தாச்சே."

மாரிக்கனி நடந்ததைச் சொன்னாள். பெத்தம்மாள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் கை காட்டி, "மூணு நாளைக்கு அப்ப நான் ஆக்கவா?" என்றாள்.

"நீ ஆக்குனா லாரி நிக்காது. நானே ஆக்குறேன்."

பெத்தம்மாள் கெட்டவள் இல்லை. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் தன் தங்கையிடம் சொன்னதும், மருந்துக் கடைக்காரர் சிரித்துச் சொன்னதும், லாரிக்காரன் மாத்திரை வாங்கி வருவதும் சேர்ந்து சித்திரைக்குள் ஒரு கதையாகிவிட்டது. நல்லகண்ணுவின் தம்பி வெள்ளத்துரை ஒரு மத்தியானம் சொந்தக்காரர் மூன்று பேரோடு கடைக்கு வந்தான். பெஞ்சில் ஏழெட்டு டிரைவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோணைமுத்துவும் இருந்தான்.

"மதினி, கொஞ்சம் பின்பக்கம் வாங்க. ஒரு வார்த்தை பேசணும்."

"இங்கேயே பேசு வெள்ளத்துரை. சோறு போட்டுக்கிட்டிருக்கேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "லாரிக்காரன் உங்களுக்கு என்ன மாத்திரை வாங்கியாந்து குடுக்கான்? ஊரே சிரிக்குது. எங்கண்ணன் பேரு இருக்குல்ல."

மாரிக்கனி கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். பிறகு எல்லார் முன்னாலும் மேல் செட்டையும் கீழ்ச் செட்டையும் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், நாடி மூக்குக்கு ஏறி, ஒரு நிமிடத்தில் அவள் கிழவியானாள். அந்த முகத்தை அதுவரை அவள் யாருக்கும் காட்டியதில்லை. உள்ளே போய்ப் பழுப்பு உறையில் இருந்த படத்தை எடுத்து வந்து வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

பல் இல்லாமல் பேச்சு குழறியது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இது என் தாடை. பாரு. இந்த எடத்துல எலும்பு இவ்வளவு உசரம் இருக்கணுமாம். இல்ல. கரைஞ்சு போச்சு. கரையாம நிறுத்துறதுக்கு மாத்திரை. மதுரையில டாக்டரம்மா எழுதிக் குடுத்தாக. அருப்புக்கோட்டையில குடுக்க மாட்டேன்னுட்டான். அதனால இந்தத் தம்பி வாங்கியாறான். வேற என்ன கேக்கணும்?"

வெள்ளத்துரை படத்தைப் பார்க்கவில்லை. "தூரமாகுதீகளாம்ல," என்றான் தரையைப் பார்த்து. "அதோட உலை வைக்கிறீகளாம்."

"ஆமா. வைக்கிறேன். இன்னைக்கு ரெண்டாம் நாளு. திங்கப் பிரியமில்லாதவுக எந்திரிச்சுப் போகலாம்."

அது அவள் வாயிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளே எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. சோணைமுத்து கையை நக்கிவிட்டு எழுந்து வந்து படத்தைக் குனிந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு டிரைவர்கள் வந்தார்கள்.

"பல்லில்லாதவுக எத்தனை பேரு இல்ல," என்றான் வெள்ளத்துரை. "கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு காலத்தை ஓட்டலாம்ல?"

"நீ ஒரு வருசம் கஞ்சி குடி. குடிச்சுட்டு வந்து சொல்லு. எனக்கு நாப்பத்திரண்டு வயசு. இன்னும் முப்பது வருசம் உக்காந்து கஞ்சி குடிக்க முடியாது."

அவர்கள் போனதும் மாரிக்கனி படத்தின் ஓரத்தில் துளை போட்டு, சணல் கோத்து, கடை வாசல் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். ரோட்டிலிருந்து பார்த்தால் வெளிச்சம் ஊடுருவித் தாடை தெரிந்தது. கீழே ஒரு ஆணியில் மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் குத்தினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி விளக்கம் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். ஒரு கிளீனர், "அட்டையில ஒண்ணு எனக்கும் குடுங்க" என்று கண்ணடித்தபோது, அவன் இலையைச் சோற்றோடு எடுத்து நாய்க்குப் போட்டாள்.

உள்ளூர்க்காரர்கள் சாப்பிட வருவது நின்றது. வைகாசியில் வெள்ளத்துரை மகள் காதுகுத்துக்கு அவளை அழைக்கவில்லை. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகள் வந்ததுதான் வலித்தது.

செல்லக்கிளியைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள் வாசலில் தொங்கிய படத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாத்திரைய நிறுத்திரும்மா."

"ஏன்னு கேளு, சொல்றேன்."

"எனக்குத் தெரியும். எலும்புக்குத்தான்னு தெரியும். எங்க அத்தைக்கு யாரு சொல்றது? என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்காக. நீ அங்க வரக் கூடாதுங்காக. அவரும் ஒண்ணும் பேச மாட்டேங்காரு." அழுதாள். "நான் அங்க தானம்மா இருக்கணும்."

மகள் போன பிறகு அட்டையை ஆணியிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். படத்தையும் அவிழ்த்து வைத்தாள். பதினோரு நாள் மாத்திரை போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் திருச்சுழியிலிருந்து சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர் வந்தார். செல்லக்கிளியின் மாமியார் சுப்பம்மாள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மாத்திரையை விட்டது சரிதான். ஆனால் லாரிக்காரர்களுக்குச் சோறு போடுவதையும் விட வேண்டும். கடையை எடுத்துவிட்டு வெள்ளத்துரை வீட்டில் ஒரு மூலையில் இருந்தால், பிறகு மகள் வீட்டுக்கு வந்து போகலாம்.

மாரிக்கனி எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள். மாவு ஒட்டியிருந்ததை முந்தானையில் துடைத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அந்த ஆள் பார்க்கப் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நான் விட்டது எம்மக அழுதான்னு. உங்களுக்குப் பயந்து இல்ல. ஒண்ணை விட்டா இன்னொண்ணை விடச் சொல்றீக. அதையும் விட்டா சுவாசத்தை விடச் சொல்வீக. போயிச் சொல்லுங்க, மாரிக்கனி மாத்திரையும் திங்கிறா, கடையும் நடத்துறான்னு."

அன்று சாயங்காலமே படத்தை மறுபடி கட்டினாள்.

அதன் பிறகு மகள் வரவில்லை. தீபாவளிக்கு இவள் சோணைமுத்துவிடம் கொடுத்தனுப்பிய சேலையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாரிக்கனி அந்தச் சேலையைப் பெத்தம்மாளிடம் கொடுத்துவிட்டு, அடுப்பு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று பெத்தம்மாள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

எழுபத்து மூன்று பங்குனியில் ராஜகுரு புதுப் படம் எடுத்தார். வாசலிலிருந்து அவள் அவிழ்த்துக் கொண்டுபோயிருந்த பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு அளவுகோலால் அளந்து பார்த்தார். இரண்டு தடவை அளந்தார்.

"வளரலை," என்றார். "ஆனா தேயவும் இல்லை. முந்தி இருந்த வேகத்துக்கு இந்நேரம் இன்னும் கொஞ்சம் போயிருக்கணும்."

"மாத்திரையாலயா?"

"ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

கத்தி முனைபோல இருந்த இடத்தைச் சின்னதாக அறுத்து மழுங்கடித்தார். ஆறிய பிறகு நாலு தடவை வரவழைத்து அச்செடுத்துப் புதுக் கீழ்ச் செட்டு கட்டினார். அது பழையதைவிட அகலம். முதல் வாரம் ஈறு புண்ணானது. இரண்டாம் வாரம் பேச்சு நேரானது. ஐப்பசியில் ஒரு நாள் மாரிக்கனி கறிக் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஊதி, தானே வாயில் போட்டாள். மெதுவாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றாள். பெத்தம்மாள் பாத்திரத்தைக் கழுவாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு கொதி வேணும்டி," என்றாள் மாரிக்கனி.

எழுபத்தாறு தொடக்கத்தில் வழக்கம்போல் காட்டப் போனபோது டாக்டர் கோகிலாம்பாள் உடனே சீட்டு எழுதவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"வெளிநாட்டுல ஒரு கணக்கு எடுத்திருக்காங்க. இந்த மாத்திரையை வருசக்கணக்காச் சாப்பிட்டவங்கள்ல கருப்பையில புத்துநோய் கூடுதலா வருதுங்கிறாங்க. எல்லாருக்கும் இல்ல. ஆனா கூடுதல். எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

மாரிக்கனி தாடையைத் தடவிப் பார்த்தாள். "நிறுத்துனா தாடை?"

"மறுபடியும் கரைய ஆரம்பிக்கலாம்."

"வேற வழி?"

"அளவைக் குறைச்சுத் தரலாம். கூட இன்னொரு மாத்திரை, மாசத்துல பத்து நாள். அது கருப்பையைக் காக்கும்னு சிலர் சொல்றாங்க, இன்னும் முழுசா நிரூபணமாகலை. வருசம் ஒரு தடவை உள்ள சுரண்டி எடுத்துப் பாத்துக்கணும். கெட்டது ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திரணும். நிறுத்தினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

நாலு வருடமாக அந்த மாத்திரையைப் பற்றி ஊரில் எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள். நீ சொல் என்று கேட்டது இந்த ஒரு ஆள்தான். மாரிக்கனிக்குப் பயமாகத்தான் இருந்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இன்னைக்கே சுரண்டிப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா எழுதுங்க. வருசா வருசம் நான் தவறாம வாரேன். என்னைக்கு இருக்குன்னு தெரியுதோ, ஒளிக்காமச் சொல்லிருங்க. அன்னைக்கு நானே விட்டுருவேன்."

பத்து நாள் கழித்து முடிவு வாங்க மறுபடி வந்தாள். ஒன்றும் இல்லை. டாக்டரம்மா இரண்டு மாத்திரைக்கும் சீட்டு எழுதினார். மாரிக்கனி மருந்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கினாள். பந்தல்குடி பஸ் நின்றிருந்தது. அதில் ஏறாமல் திருச்சுழி பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. என்ன பேசுவது என்று அவள் யோசித்து வைத்துக்கொள்ளவில்லை.

சம்பந்தி வீட்டில் உச்சி நேரம். சுப்பம்மாள் கதவைத் திறந்தவள், நிலைப்படியிலேயே நின்றாள்.

"மாத்திரை இன்னும் திங்கிறீகளா?"

"திங்கிறேன். இப்ப ரெண்டு. மடியில இருக்கு, பாக்குறீகளா?"

"கடை?"

"நடக்குது."

சுப்பம்மாள் வழிவிடவில்லை. மாரிக்கனி திரும்பவும் இல்லை. வெயிலில் நின்றபடி, "நான் யாரு குடியையும் கெடுக்கலை. எம்மகளைப் பாத்து நாலு வருசமாச்சு. பாத்துட்டு, ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போறேன். நீங்க மறிச்சா இங்கனயே உக்காந்திருப்பேன். போறவுக வாரவுக கேட்டா, என்ன மாத்திரைன்னு விளக்கஞ் சொல்லிக்கிட்டிருப்பேன். எனக்கு அது பழக்கம்" என்றாள்.

உள்ளேயிருந்து செல்லக்கிளி வந்தாள். இடுப்பில் மாரிக்கனி பார்த்தறியாத ஒரு பெண் குழந்தை. மாமியாரைத் தாண்டி வந்து, அம்மாவின் கையைப் பிடித்தாள். ஒடிந்து கூடிய கை அது. பிடித்தபடியே உள்ளே கூட்டிப்போனாள். சுப்பம்மாள் விலகிக்கொண்டாள்.

தட்டில் சோறும் கோழிக் குழம்பும் வைத்தாள். மாரிக்கனி தொடைக் கறியை எடுத்துக் கடித்தாள். செல்லக்கிளி எதிரே உட்கார்ந்து, அம்மா மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு துண்டு வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுப்பம்மாள் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அது நெசப் பல்லா?"

"பல்லு கட்டுனது. தாடைதான் என்னோடது."

சுப்பம்மாள் தன் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மாரிக்கனி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அழைப்பு வரட்டும் என்று நிற்கவில்லை. "ஆடிக்கு வாரேன்" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினாள்.